மொனேயின் தோட்டம்: போகுமுன்னும் படம் போடுமுன்னும் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

பாரிஸின் வடக்குப் புறநகரில் குடியிருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கிவிடுவார்கள். ஈஃபில் கோபுரம் ஒரு நாள், லூவ்ர் ஒரு நாள், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் தோசையும் வெற்றிலையுமாக ஒரு சாயங்காலம். நான்காம் நாள் காலை காபி குடிக்கும்போது, "யாரோ ஓவியர் தோட்டமாமே, குளத்து மேல பச்சைப் பாலம் இருக்குமாமே" என்று பேச்சு ஆரம்பிக்கும். இதுவரை பதினோரு தடவை போய் வந்துவிட்டேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மொனே யார்? ஒரு தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

கிளோட் மொனே (1840–1926) பிரெஞ்சு ஓவியர். 1874இல் நண்பர்களோடு சேர்ந்து அவர் நடத்திய கண்காட்சியில் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்றொரு படம் வைத்திருந்தார். அதைப் பார்த்த ஒரு பத்திரிகைக்காரர் கிண்டலாக வைத்த பெயர்தான் இம்ப்ரெஷனிசம். கிண்டல் பெயரே நிலைத்துவிட்டது.

பாரிஸிலிருந்து வடமேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, நார்மண்டிப் பகுதியில் ஜிவெர்னி என்ற சிற்றூர். 1883இல் அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். 1890இல் அதையே விலைக்கு வாங்கினார். சாகும்வரை 43 ஆண்டுகள் அங்கேதான். வீட்டு முன்னால் இருப்பது பூந்தோட்டம். குளம் இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் அங்கே ரயில் பாதையும் ஓடியது. அதற்கு அப்பால் 1893இல் நிலம் வாங்கி, எப்த் ஆற்றின் கிளை வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. அயல்நாட்டுச் செடிகளைத் தண்ணீரில் வைத்தால் தண்ணீர் கெட்டு மாடு கன்றுக்கு ஆபத்து வருமோ என்ற பயம். வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்ட ஊரிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஊர்க்காரர்கள் மேல்தான் பரிவு. மாவட்ட ஆட்சியாளருக்கு மொனே கடிதம் எழுதிக் கடைசியில் அனுமதி வாங்கினார்.

அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றியே சுமார் 250 ஓவியங்கள் வரைந்தார். கூட்டம் அதற்குத்தான். ஏழு மாதம்தான் திறந்திருக்கிறது, அதற்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள்.

இப்போது நாம் பார்ப்பது அவர் நட்ட அதே தோட்டமா?

இல்லை. பலருக்கு இது கசப்பாக இருக்கும், ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது. மொனேவுக்குப் பிறகு மருமகள் பிளான்ஷ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 1947இல் அவரும் போன பிறகு எல்லாம் காடாகிவிட்டது. பாலம் உளுத்து விழுந்தது, குளம் தூர்ந்தது. 1966இல் மகன் மிஷேல் கார் விபத்தில் இறந்தபோது சொத்து முழுவதும் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்குப் போயிற்று. 1977 முதல் ஜெரால்ட் வான் டெர் கெம்ப் என்பவர் பொறுப்பேற்று, பெரும்பாலும் அமெரிக்கக் கொடையாளர்களின் பணத்தில், பழைய புகைப்படங்களையும் செடி வாங்கிய குறிப்புகளையும் வைத்து மறுபடி கட்டி எழுப்பினார். மக்களுக்குத் திறந்தது 1980இல்.

ஆகவே பாலம் புதுப் பாலம்தான். பெரும்பாலான செடிகள் அந்தந்த ஆண்டு நடுபவை. கோயில் தேரில் மரம் மாற்றினால் தேர் வேறு ஆகிவிடுமா என்ன, அப்படித்தான் இதுவும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மாதம் போனால் நல்லது?

முதலில் போகக்கூடாத மாதங்கள்: நவம்பர் 1க்கு மறுநாள் பூட்டினால் அடுத்த ஏப்ரல் 1 அன்றுதான் திறப்பார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்து "எப்படியாவது உள்ளே விடமாட்டார்களா" என்று கேட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். விடமாட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் டியூலிப். அடியில் ஃபர்கெட்-மீ-நாட் என்ற குட்டி நீலப்பூ தரை முழுக்கப் பரவியிருக்கும், மேலே சிவப்பும் இளஞ்சிவப்புமாக டியூலிப் நிற்கும். மே மாதம் ஐரிஸும், பாலத்தின் மேல் பந்தலில் சரம் சரமாகத் தொங்கும் விஸ்டீரியாவும். ஜூனில் ரோஜா, அதோடு பள்ளிப் பிள்ளைகள், சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம். ஜூலை, ஆகஸ்டில் அல்லி. செப்டம்பரில் டேலியா. அப்போது வீட்டு வாசலுக்கு நேரே உள்ள பெரிய நடைபாதையில் நாஸ்டர்ஷியம் கொடி இரண்டு பக்கத்திலிருந்தும் படர்ந்து வந்து நடுவில் ஓரடி மண்தான் தெரியும்.

என் ஓட்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு, அதிலும் வார நாள். அல்லி இன்னும் இருக்கும், கூட்டம் கொஞ்சம் தணிந்திருக்கும், வெயிலும் சாய்வாக விழும். அல்லி வேண்டாம், அந்த ஊதாப் பந்தல்தான் வேண்டும் என்பவர்கள் மே மாதத்தை விடக்கூடாது. இரண்டும் ஒரே நாளில் நிறைவாகக் கிடைக்காது. இணையத்தில் இரண்டும் ஒரே படத்தில் பளிச்சென்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அங்கே பூத்திருப்பது தாமரைதானே?

அல்லி. தயவுசெய்து படத்தைப் போட்டு 'மொனேயின் தாமரைக் குளம்' என்று தலைப்பு எழுதாதீர்கள். தாமரை இலை தண்ணீரை விட்டு மேலே எழும்பி நிற்கும், முழு வட்டம், நீர்த்துளி ஒட்டாமல் உருளும். அல்லி இலை தண்ணீரோடு படிந்து மிதக்கும், காம்பு சேரும் இடம்வரை ஒரு பக்கம் வெட்டினாற்போலப் பிளவு இருக்கும். ஊரில் குளத்தங்கரையில் வளர்ந்தவர்களுக்கே இந்தச் சந்தேகம் வருவது எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு குழப்பம் உண்டு. "அல்லி நிலவுக்கல்லவா மலரும், பகலில் போய் என்ன பார்ப்பது?" என்று என் பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நம் பாட்டுகளில் சந்திரனைக் கண்டு விரிவது நம் குளங்களில் இருக்கும் இரவில் மலரும் வகை. ஜிவெர்னியில் இருப்பது பகலில் மலரும் கலப்பினம். ஐரோப்பியக் குளிரைத் தாங்கும் அல்லி முன்பெல்லாம் வெள்ளையில்தான் உண்டு. தென்மேற்குப் பிரான்சில் லத்தூர்-மார்லியாக் என்பவர் தன் நாற்றுப் பண்ணையில் இனக்கலப்புச் செய்து மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமாக உண்டாக்கினார். அவற்றை 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். ஈஃபில் கோபுரம் திறந்த அதே கண்காட்சி. மொனே குளத்துக்குச் செடி வாங்கியது அவரிடம்தான்.

இதில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. இந்தப் பூக்கள் காலை பத்து, பதினொன்றுக்கு விரிந்து மாலை நான்கு, ஐந்துக்குள் மூடிக்கொள்ளும். கீழே பாலம் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

எப்படிப் போவது? டிக்கெட்?

பாரிஸ் சான்-லாசார் நிலையத்தில் ருவான் பக்கம் போகும் ரயிலில் ஏறி வெர்னோன்-ஜிவெர்னியில் இறங்க வேண்டும். வண்டியைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து ஜிவெர்னி சுமார் 5 கிலோமீட்டர். ரயில் நேரத்துக்கு ஏற்ற மாதிரி ஷட்டில் பஸ் நிற்கும். சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும், பழைய ரயில் பாதையையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். மேடு பள்ளம் இல்லை.

சான்-லாசார் நிலையத்தில் பத்து நிமிடம் முன்பாகப் போய் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். 1877இல் மொனே இந்த நிலையத்தின் புகையையும் கண்ணாடிக் கூரையையும் வைத்தே ஒரு டஜன் படம் வரைந்திருக்கிறார். புகை போய்விட்டது. கூரை இருக்கிறது.

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் வாங்கலாம் என்று போனால் வரிசையில் நிற்கும் நேரத்தில் அல்லி மூடிவிடும்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டலாம், உள்ளே பிரிக்க முடியாது. தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. வெளியே ஊருக்குள் புல்வெளி இருக்கிறது, அங்கே ஆகும்.

முட்டிவலி உள்ளவர்கள் சுற்றிப் பார்க்க முடியுமா?

தோட்டம் சமதளம், ஆங்காங்கே பெஞ்சு உண்டு. தொந்தரவு இரண்டு இடத்தில்தான்: வீட்டு மாடிக்கும் படி, பூந்தோட்டத்திலிருந்து குளத்துக்குப் போகும் சுரங்கப்பாதைக்கும் படி. சக்கர நாற்காலி என்றால் நுழையும்போதே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள், ரோட்டைக் கடந்து குளத்துப் பக்கம் போக வழி செய்வார்கள்.

பாலத்தில் ஆள் இல்லாமல் படம் எடுக்க முடியுமா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். பதில்: முடியும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். காலையில் கதவு திறந்ததும் பூந்தோட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் நேரே சுரங்கப்பாதையில் இறங்கிக் குளத்துக்குப் போய்விட்டால் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பாலம் காலியாக இருக்கும். விலை என்னவென்றால், அந்நேரத்துக்கு அல்லி விழித்திருக்காது. பூ விரியும் நேரத்தில் பாலத்தில் ரேஷன் கடை வரிசை போலக் கூட்டம் நிற்கும். காலிப் பாலமும் விரிந்த பூவும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

நான் செய்வது இப்படி. திறந்தவுடன் குளம். காற்று கிளம்புமுன் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வில்லோ மரமும் மூங்கிலும் வானமும் தலைகீழாக அப்படியே விழுந்திருக்கும். சில நாள் ஒரு தோட்டக்காரர் தட்டைப் படகில் வந்து பழுத்த இலைகளையும் பாசியையும் வலையால் அள்ளிக்கொண்டிருப்பார். மொனே காலத்திலேயே இந்தக் குளத்துக்கென்று தனியாக ஒரு ஆள் உண்டு. மோட்டார் வண்டிகள் கிளப்பும் புழுதி அல்லி இலையில் படிகிறதென்று சொந்தக் காசில் ரோட்டுக்குத் தார் போட வைத்த மனிதர் மொனே. அதன் பிறகு பூந்தோட்டம், வீடு. பதினொன்றரை மணிக்கு மறுபடி குளம், இந்த முறை பூவுக்காக மட்டும்.

பாலத்தில் ஆள் நிற்பது அவ்வளவு பெரிய குறையா என்றும் யோசித்துப் பாருங்கள். பச்சைப் பாலத்தில் மாம்பழ மஞ்சள் புடவையோடு என் அத்தை நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதுதான். காலிப் பாலப் படங்கள் போனுக்குள்ளேயே கிடக்கின்றன.

பாலத்தின் மேல் இருக்கும் பந்தலைப் பற்றி ஒரு தகவல்: 1899இல் வரைந்த பால ஓவியங்களில் அது கிடையாது. மொனே பின்னால் சேர்த்தது. பந்தலை ஒதுக்கி எடுத்தால் படம் பழைய ஓவியத்துக்கு நெருங்கி வரும்.

போன் போதுமா, நல்ல கேமரா வேண்டுமா?

போன் தாராளமாகப் போதும். ஆனால் அதன் போக்கில் விட்டால் இரண்டு தப்புச் செய்யும்.

ஒன்று, வெள்ளை அல்லி. சுற்றிலும் கரும்பச்சைத் தண்ணீர் என்பதால் போன் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கும். பூ சுண்ணாம்பு அப்பினாற்போல ஆகிவிடும், இதழ் மடிப்பு ஒன்றும் தெரியாது. திரையில் பூவின்மேல் விரலை வையுங்கள், பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் குறி வரும். அதைக் கீழே இழுங்கள். இதழுக்குள் நிழல் தெரியும்வரை இழுக்கலாம். தண்ணீர் இருண்டு போனால் போகட்டும்.

இரண்டு, ஜூம். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் இலையெல்லாம் மெழுகு பூசின மாதிரி வரும். ஓவியம் போல இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேமராக்காரர்களுக்கு, நான் பட்ட அவமானத்திலிருந்து ஒரு யோசனை. முதல் தடவை போனபோது கடையில் சொன்னார்கள் என்று போலரைசர் ஃபில்டர் ஒன்றை வாங்கி லென்ஸில் மாட்டிக்கொண்டு போனேன். தண்ணீரின் பளபளப்பை வெட்டும், வண்ணம் அழுத்தமாக விழும் என்றார்கள். உண்மைதான், வெட்டியது. ஃபில்டரை ஒரு சுற்றுச் சுற்றியதும் குளத்தில் விழுந்திருந்த வானம் அணைந்துபோயிற்று. மேகம் போயிற்று, வில்லோவின் நிழல் போயிற்று. அடியில் கறுப்புத் தண்ணீரும் அல்லிக் காம்புகளும் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன. எவ்வளவு கூர்மை என்று மகிழ்ந்து நூற்றுக்கு மேல் சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் எங்கள் ஊர் ஊருணி. மொனே இருபது, முப்பது வருடம் உட்கார்ந்து வரைந்தது தண்ணீர்மேல் கிடந்த வானத்தை; நான் காசு கொடுத்து அதைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஃபில்டர் இப்போது இழுப்பறையில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

மேகமூட்டமான நாளென்று முகம் சுளிக்க வேண்டாம். உச்சிவெயிலை விட அதுதான் பூவுக்கு நல்லது, நிழல் கடுமையாக விழாது.

ஒரே இடத்தில் எத்தனை படம்தான் எடுப்பது?

ஒரே இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்பேன். மொனேயின் வழக்கமே அது. 1890, 91இல் ஜிவெர்னி வயலில் நின்ற வைக்கோற்போரை வைத்து ஒரு வரிசை, அடுத்து ஆற்றங்கரை பாப்லர் மரங்கள், அதன்பின் ருவான் தேவாலயத்தின் முகப்பு. பல கேன்வாஸை ஒரே சமயத்தில் தயாராக வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறினால் அந்த நேரத்துக்குரிய கேன்வாஸை எடுத்துப் போட்டு வரைவார். பாப்லர் மரங்கள் வெட்டுக்கு ஏலம் போனபோது, வரைந்து முடிக்கும்வரை வெட்டாமல் இருக்க மர வியாபாரிக்குப் பணமும் கொடுத்தார்.

குளக்கரையில் ஒரு பெஞ்சைப் பிடியுங்கள். ஒரு அல்லிக் கூட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை, பதினொன்றரை, மூன்றரை, மூன்று படம் போதும். அடுத்தடுத்து வைத்துப் பதிவிட்டால் பார்ப்பவர்கள் நின்று பார்ப்பார்கள். என் படங்களில் இதுவரை அதிகம் பேர் பேசியது அந்த மூன்றைப் பற்றித்தான்.

வீட்டுக்குள் எடுக்கலாமா? சுவரில் இருப்பதெல்லாம் அசல் ஓவியமா?

ஃபிளாஷ் கூடவே கூடாது. மற்றபடி அன்றைக்கு வாசல் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சட்டம். பழைய பயணக் குறிப்புகளை நம்பி வாதாடாதீர்கள்.

வரவேற்பறையில் அடுக்கி மாட்டியிருக்கும் மொனே ஓவியங்கள் நகல்கள். ஆனால் ஜப்பானிய மரச்செதுக்குப் படங்கள் அவர் சேகரித்தவை, இருநூறுக்கு மேல். ஹொக்குசாய், ஹிரோஷிகே, உதமாரோ என்று ஜப்பானிய ஓவியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பச்சைப் பாலத்தின் வம்சாவளி அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஜப்பானில் சிவப்புப் பூசும் பாலத்துக்கு இவர் பச்சை பூசினார், அவ்வளவே. சாப்பாட்டு அறை முழுக்க மஞ்சள்; நாற்காலி, அலமாரி உட்பட. அடுத்த கதவு தாண்டினால் அடுப்படி, நீலமும் வெள்ளையுமாக ஓடு, வரிசையாகச் செப்புப் பாத்திரம். செப்புப் பாத்திரத்தை யார் புளி போட்டுத் தேய்க்கிறார்கள் என்று அம்மா கேட்டார். எனக்கும் தெரியவேண்டும்.

ஓவியத்தில் சிவப்பும் பழுப்புமாக இருக்கும் பாலம் என் படத்தில் ஏன் வரவில்லை?

அது மொனேயின் கண்ணில் இருந்த நிறம். 1912இல் அவருக்குக் கண்புரை என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 1923இல்தான் வலக்கண்ணில் செய்துகொண்டார். புரை முற்ற முற்ற நீலம் மங்கி எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். கடைசிக் காலப் பால ஓவியங்கள் தீப்பிடித்தாற்போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். உங்கள் போனில் நிறத்தைக் கூட்டிக் கொண்டுவர முயலாதீர்கள், மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி ஆகும்.

டிரைபாட், டிரோன், கல்யாண ஷூட்டிங்?

நடைபாதை குறுகல். மூன்று கால் ஊன்றினால் பின்னால் வருபவர் தடுக்கி விழுவார். வணிக நோக்கிலோ கல்யாணத்துக்கோ எடுப்பதென்றால் தோட்டத்தை நடத்தும் மொனே அறக்கட்டளையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். டிரோனை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிரான்சில் ஆட்கள் தலைக்கு மேல் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவது சட்டப்படி தப்பு.

படங்களை இணையத்தில் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

மொனே மறைந்தது 1926இல். பிரான்சில் படைப்பாளி மறைந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. இரண்டும் எப்போதோ கடந்துவிட்டன. அவருடைய ஓவியங்கள் பொதுச்சொத்து. தோட்டத்தில் நீங்கள் எடுத்த படம் உங்களுடையது, நண்பர்களுக்குக் காட்டப் போடுவதில் தடை இல்லை. விற்கப் போகிறீர்கள், காலண்டர் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அறக்கட்டளையிடம் பேசுங்கள், ஏனென்றால் இடம் அவர்களுடையது.

தேடுபொறியில் கிடைத்த அழகான ஜிவெர்னிப் படத்தை எடுத்து நம் பதிவில் ஒட்டுவது வேறு விஷயம். ஓவியர் போய்ச் சேர்ந்திருக்கலாம், அந்தப் படம் பிடித்தவர் இருக்கிறார்.

படத்தில் வேற்று ஆட்கள் முகம் விழுந்தால்?

கூட்டத்தில் சின்னதாகத் தெரிவது வேறு, ஒருவரே படத்தின் மையமாக இருப்பது வேறு. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தனிவாழ்வைக் காக்கிறது, ஒருவருடைய உருவப்படத்தின்மேல் அவருக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இங்கே மக்கள் இதை நிஜமாகவே பொருட்படுத்துவார்கள்.

நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ரோஜா வளைவின் அடியில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு குழந்தை குனிந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தது. அழகாக விழுந்தது, போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதன் தாயிடமிருந்து செய்தி. திட்டவில்லை, எடுத்துவிடுங்கள் என்று ஒரே வரி. எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அந்த நாலு பேர் விருப்பக்குறிக்காக முன்பின் தெரியாத ஒரு பெண்ணை இரண்டு நாள் என்னைத் தேடவைத்தது இன்னும் உறுத்துகிறது. பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் கேளுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். தோட்டக்காரர்களிடம் படகைக் காட்டி "போட்டோ?" என்றால் பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏன் மங்கலாகிறது?

அனுப்பும்போது அது படத்தை நசுக்கிச் சின்னதாக்கும். ஹெச்.டி. என்ற குறியைத் தொட்டுவிட்டு அனுப்புங்கள், கொஞ்சம் தேவலை. முழுத்தரம் வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் எல்லாம் கூடவே போகும். தோட்டத்துப் படத்தில் அதனால் நட்டமில்லை. கிளம்பும் அன்று வீட்டு வாசலில் எடுத்த படத்தை அப்படி அனுப்பினால் வீடு எங்கே இருக்கிறது என்பதும் போகிறது. வீடு பூட்டியிருக்கிறது என்பதைத்தான் நீங்களே மணிக்கொரு ஸ்டேட்டஸ் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே. திரும்பி வந்து ஆற அமரப் போடுங்கள், பாலம் எங்கேயும் போகாது.

எத்தனை படம் போடலாம்?

ஏழு. கணக்கு என்னுடையது, சண்டைக்கு வரலாம். நானூறு எடுத்தாலும் ஏழு. நூற்றிருபது படத்தை ஒரே ஆல்பமாகப் போட்டால் உங்கள் சித்தப்பாகூட பத்தாவதில் விட்டுவிடுவார். ஒவ்வொன்றின் கீழும் மாதமும் நேரமும் எழுதுங்கள்: 'செப்டம்பர், காலை 10.10, அல்லி இன்னும் மூடியிருக்கிறது' என்று. பிறகு போகிறவருக்கு 'வாவ், செம' என்பதைவிட அந்த ஒரு வரி உதவும்.

என் படத்தை வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்தினால்?

பயன்படுத்துவார்கள். என் விஸ்டீரியாப் படம் ஒன்று ஒரு பயண முகவரின் விளம்பரத்தில், கீழே 'காஷ்மீர்' என்ற பெயரோடு வந்தது. எழுதிக் கேட்டதும் நீக்கினார்கள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று நினைத்தால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். ஆனால் அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்ற நிபந்தனையையும் அங்கே ஏற்பதில்லை. இவை இரண்டும் சரி என்றால் மட்டும் ஏற்றுங்கள்.

அசல் அல்லி ஓவியங்களை எங்கே பார்ப்பது?

பாரிஸில் ஒராஞ்சரி அருங்காட்சியகம். முதல் உலகப்போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, தன் நண்பரும் அப்போதைய பிரதமருமான கிளெமான்சோவுக்கு மொனே கடிதம் எழுதி நாட்டுக்குக் கொடையாகப் படம் தருவதாகச் சொன்னார். அது வளர்ந்து வளர்ந்து இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டுப் பெரும் ஓவியங்களாயிற்று. சேர்த்து வைத்தால் நீளம் 100 மீட்டருக்குக் கிட்டே. திறந்தது 1927இல், அவர் இறந்த அடுத்த ஆண்டு. மகன் மிஷேல் விட்டுச்சென்ற ஓவியங்கள் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போய்விட்டு மறுநாள் ஒராஞ்சரிக்குப் போவது என் வழக்கம். முந்தின நாள் தண்ணீரைப் பார்த்த கண்ணோடு போனால் அந்த அறையில் சீக்கிரம் எழுந்திருக்க மனம் வராது.

அங்கே கடையில் விதை, செடி வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

கடையைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பெரிய அல்லி ஓவியங்களை வரையவென்று மொனே கட்டிய கூடம்தான் அது. ஆனால் இந்தியாவுக்கு விதையோ செடியோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பையில் ஒளித்துக்கொண்டுபோய் விமான நிலையத்தில் முழிக்காதீர்கள். போன வருடம் நாஸ்டர்ஷியம் விதைதான் வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, ஊட்டிப் பக்கம் ரோட்டோரச் சரிவில் ஆரஞ்சு நிறத்தில் மண்டிக் கிடக்குமே, அது இதுதான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் ரயில்ல கூட்டிட்டு வந்தே" என்றார்.